மாங்கொட்டைக் கஞ்சி, கடுக்காய்த் தண்ணி: மக்கும் நாற்றுக் கிண்ணம் செய்து பார்த்த பதிவு

வீட்டில் மாவைக் காய்ச்சி பிளாஸ்டிக் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மாவு, தண்ணீர், கொஞ்சம் கிளிசரின், கொஞ்சம் வினிகர். காய்ச்சி ஊற்றிக் காயவைத்தால் படலமாக உரிந்து வரும். பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிகளில் வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை இதைச் செய்து மேசைமேல் வைத்திருக்கும். வருகிறவர்களும் தொட்டுப் பார்த்து மெச்சிவிட்டுப் போவார்கள். அந்த மேசைமேல் ஒரு டம்ளர் தண்ணீர் கவிழ்ந்தால்தான் சாயம் வெளுக்கும். கொஞ்ச நேரத்தில் படலம் ஊறி, கொழகொழத்து, மறுபடி கஞ்சியாகிற வழியில் போய்க்கொண்டிருக்கும்.

எனக்கு வேண்டியிருந்ததோ தினமும் தண்ணீர் ஊற்றியே தீர வேண்டிய பொருள், நாற்றுக் கிண்ணம். காட்பாடியில் வீட்டுக்குப் பின்னால் ஷேடு நெட் கட்டி, கத்திரி, மிளகாய், தக்காளி நாற்று போட்டு விற்கிறேன். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இலவம்பாடி முள்ளு கத்திரி நாற்று கேட்டு வருகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். எல்லாம் கருப்புக் கவரில்தான் போகிறது. நடும்போது கவரைக் கிழித்து வரப்பில் போடுவார்கள், அது காற்றில் பறந்து வேலியில் தொங்கும், மழைக்கு வாய்க்காலில் இறங்கும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனால் அரசுத் துறைகளின் ஆர்டருக்காக வனத்துறை, தோட்டக்கலை நாற்றங்கால்களில் பயன்படுத்தும் பைகளுக்கு அந்த ஆணையிலேயே விலக்கு கொடுத்திருந்தார்கள். ஏன் என்று எனக்குப் புரிகிறது. அந்தக் கவருக்கு மாற்றாக, அதே விலையில், அதே வேலையைச் செய்கிற பொருள் கையில் இல்லை. இப்போது என்னிடம் இருப்பதும் முழு மாற்று என்று சொல்ல மாட்டேன். ஒரு மாதம் தாங்குகிறது, அவ்வளவுதான். கத்திரி நாற்றுக்கு அந்த ஒரு மாதம் போதும்.

மாவுக்கு முதலில் ஜவ்வரிசியை அரைத்துத்தான் பார்த்தேன். சேலத்து ஜவ்வரிசி அருமையான சரக்கு, கண்ணாடி மாதிரி படலம் வரும். ஆனால் தின்கிற பொருளைக் காசு கொடுத்து வாங்கிப் பிளாஸ்டிக் செய்வதில் எனக்கு மனசு ஒப்பவில்லை. கழிவிலிருந்து வந்தால்தான் இதற்கு அர்த்தம். வேலூரில் மாவுச்சத்துள்ள கழிவு எது என்று கேட்டால், கோடையில் அதற்குப் பதில் தெருவிலேயே கிடக்கும். மாங்கொட்டை. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் தோப்புகள். அதைத் தாண்டினால் சித்தூர், அங்கே மாம்பழக் கூழ் ஆலைகள். 1911 வரை சித்தூர்தான் வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைமையிடமாக இருந்தது. மாநில எல்லை பிற்பாடு வந்தது, மாங்காய் லாரி அதைக் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு ஆலை அளவுக்கெல்லாம் வேண்டாம். இரண்டு ஜூஸ் கடைக்காரர்களிடம் ஆளுக்கொரு சாக்கு கொடுத்து வைத்தேன். குப்பை வண்டிக்குப் போகிற சரக்குதானே என்று சந்தோஷமாக நிரப்பிக் கொடுத்தார்கள்.

கொட்டையை ஈரத்தோடு உடைக்க முயற்சி செய்ய வேண்டாம், நார் வழுக்கிவிட்டுக் கையைப் பதம் பார்க்கும். மாடியில் நன்றாகக் காயவைத்தால் ஓட்டுக்குள் பருப்பு சுருங்கி, ஆட்டினால் கடகடவென்று சத்தம் கேட்கும். அந்தப் பதத்தில் ஓரத்தில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் ஓடு இரண்டாகப் பிளந்துகொள்ளும். உள்ளே பழுப்புத் தோலோடு பருப்பு. வண்டு விழுந்த பருப்பு நிறைய வரும், அதைத் தனியாக எடுத்து உரக்குழியில் போட்டுவிடலாம். நல்ல பருப்பை ராத்திரி முழுக்க ஊறவைத்தால் காலையில் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்திருக்கும். தோலைக் கசக்கி எடுத்துவிட்டு, பருப்பை மிக்சியில் நிறையத் தண்ணீர் விட்டு அரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். வடிந்த பாலை அசையாமல் வைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் மாவு அடியில் உறையும். மேலே நிற்கிற பழுப்புத் தண்ணீரை இறுத்து, புதுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, மறுபடி தெளியவைத்து இறுக்க வேண்டும். ஒவ்வொரு கழுவலுக்கும் மாவு வெளுத்துக்கொண்டே வரும். கடைசியில் வெள்ளை என்று சொல்ல முடியாது, சந்தன நிறம். காய்ந்த பருப்பில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான் என்றாலும், வேட்டித் துணி முறையில் நம் கைக்கு வருவது அதில் ஒரு பங்குதான், சக்கையோடு நிறையப் போய்விடும். அந்தச் சக்கையும் வீணில்லை, பிறகு சொல்கிறேன்.

முதலில் படலம். கிண்ணத்துக்குப் போகும் முன் மாவின் குணத்தைத் தெரிந்துகொள்ள இதுதான் சுலபமான வழி. மாவு 10 கிராம், தண்ணீர் 100 மில்லி, கிளிசரின் 3 மில்லி, சமையல் வினிகர் 5 மில்லி. எல்லாவற்றையும் பச்சைத் தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்துவிட்டுத்தான் அடுப்பில் வைக்க வேண்டும். சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் 70 டிகிரியைத் தாண்டும்போது பால் நிறம் மறைந்து கண்ணாடிபோல் தெளிந்து, கரண்டி கனக்கும். அதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் விடாமல் கிண்ட வேண்டும், இல்லாவிட்டால் வேகாத மாவு புள்ளி புள்ளியாகப் படலத்தில் நிற்கும், அந்த இடத்தில்தான் கிழியும். இந்தக் கட்டத்தில் தெர்மாமீட்டரைவிட எங்கள் அம்மாவின் கண் உபயோகமாக இருந்தது. வருடா வருடம் மாடியில் கூழ் வத்தல் ஊற்றுகிறவர். "இன்னும் வேகலடா, பச்சை வாசனை அடிக்குது பாரு" என்பார். அந்த வாசனை போனதும் இறக்கினால் சரியாக இருக்கும்.

வினிகர் எதற்கு என்று கேட்பவர்களுக்காக: மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலி உண்டு. அமைலோஸ் கிளையில்லாமல் நீளமாகப் போவது, அமைலோபெக்டின் கிளைவிட்டுப் படர்வது. நீளமானவை பக்கத்தில் பக்கத்தில் படுத்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் படலத்துக்கு வலு வருகிறது, கிளைகள் அதற்கு இடைஞ்சல். சூட்டில் புளிப்பு சேரும்போது அந்தக் கிளைகள் கொஞ்சம் அறுபடும். நிறைய விட்டால் நீளச் சங்கிலியும் சேர்ந்து அறுபட்டுப் படலம் நொறுங்கும். கிளிசரினின் வேலை வேறு. சங்கிலிகளுக்கு இடையில் புகுந்து உட்கார்ந்து, அவை ஒரேயடியாக இறுகிவிடாமல் பார்த்துக்கொள்வது. கிளிசரின் இல்லாத படலத்தை மடித்தால் அப்பளம்போல் படீரென்று உடையும்.

ஊற்றுவதற்குக் கண்ணாடிப் பலகைதான் நல்லது. ஸ்டீல் தட்டில் ஒட்டிக்கொண்டு உரிய மறுக்கிறது. வேலூர் வெயில் இருக்கிறதே என்று நேரே மாடியில் வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து மேலே சுருண்டு, நடுவில் இருக்கிற ஈரத்தை இழுத்துக் கிழித்துவிடும். நிழலில், ஃபேன் காற்றில், மெதுவாகக் காய வேண்டும்.

படலத்துக்கு இன்னொரு குணம் உண்டு, இந்த ஊரில் இருக்கிறவர்கள் அதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டிக் காற்று வறண்டு கிடக்கும்போது அதே படலம் முறுமுறுவென்று இருக்கும். ஐப்பசி மழையில் எடுத்துப் பார்த்தால் துவண்டு, கையில் பிசுபிசுவென்று ஒட்டும். கிளிசரினும் மாவும் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதால் வருகிற வினை. அதனால் கோடையில் செய்ததற்கு எழுதி வைத்த அளவு மழைக்காலத்துக்குப் பொருந்தாது. மழை நாளில் கிளிசரினைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். அப்புறம், எப்படிச் செய்தாலும் சில வாரங்களில் படலம் தானாகவே விறைக்கும். ஆறிய சோறு விறைப்பதும் இதே காரணத்தால்தான், வெந்து பிரிந்த சங்கிலிகள் மெல்ல மெல்ல மறுபடி அடுக்கிக்கொள்கின்றன.

சரி, இதெல்லாம் எதற்கு, கடையிலேயே மக்கும் பை கிடைக்கிறதே என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். நானும் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அவற்றில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, சாதாரண பாலித்தீனில் உலோக உப்பு கலந்து, வெயில் பட்டால் பொடிப்பொடியாக உதிரும்படி செய்தது. உதிர்வதைப் பார்த்து மக்குகிறது என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் அது பாலித்தீன் பொடியாக மண்ணிலேயே கிடக்கும். இன்னொன்று உண்மையிலேயே மக்கும் ரகம். ஐ.எஸ். 17088 என்ற தரத்துக்குச் சோதித்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று பெற்றிருக்க வேண்டும். அந்தச் சோதனை நடப்பது குப்பையை மக்கவைத்து உரமாக்கும் ஆலையின் சூட்டில், 58 டிகிரி வாக்கில். மக்காச்சோள மாவையோ கரும்பையோ நொதிக்கவைத்துச் செய்யும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இந்த வகை. அந்தச் சூட்டில் சில மாதங்களில் மக்கும், நம் வீட்டுக் குழியில் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். 60 டிகிரியில் இளகவும் ஆரம்பித்துவிடும் என்பதால் மே மாதம் வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அதைப் பத்திரமாக வைக்க முடியாது. நான் தேடியது வரப்போர மண்ணில், நம் ஊர்ச் சூட்டில், தானாக மக்குகிற சரக்கு.

இனி கிண்ணம். படலத்துக்குக் கஞ்சி, கிண்ணத்துக்குப் பிசைந்த மாவு. மாவு மட்டும் போட்டால் காயும்போது சுருங்கி வெடிக்கும், அதனால் நிரப்புவதற்கு ஒரு பொருள் வேண்டும். மல்லாட்டைத் தோலுக்கு, அதாவது நிலக்கடலைத் தோலுக்கு, இந்தப் பக்கம் பஞ்சமே இல்லை. மாவு மெஷினில் கொடுத்தால் அரைக்க மாட்டார்கள், அவர்கள் கல்லைக் கெடுத்துவிடும். நன்றாகக் காயவைத்து மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துச் சல்லடையில் சலித்தேன். மேலே சொன்ன மாங்கொட்டைச் சக்கையும் காய்ந்த பிறகு இதோடு சேர்ந்துவிடும். கரும்பு ஜூஸ் வண்டியில் கிடைக்கிற சக்கையும் நல்ல நார்தான், ஆனால் இனிப்புப் போக நாலு தண்ணீரில் அலசாவிட்டால் எறும்பு படையெடுத்துவிடும். வெடிப்பைப் பிடித்து நிறுத்துவதற்குத் தேங்காய் நாரை விரல் நகத்து நீளத்துக்கு நறுக்கி ஒரு கைப்பிடி போடுகிறேன்.

அளவு இது: மாவு 40 கிராம், சலித்த மல்லாட்டைத் தோல் தூள் 60 கிராம், கிளிசரின் 8 மில்லி. மாவில் கால் பங்கை மட்டும் தண்ணீரில் கெட்டிக் கஞ்சியாகக் காய்ச்சி, மீதி மாவையும் தூளையும் நாரையும் அதில் கொட்டிச் சூட்டோடு பிசைய வேண்டும். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, விரலில் ஒட்டாமல் வர வேண்டும். அச்சுக்கு இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பெரியதன் உள்பக்கமும் சின்னதன் வெளிப்பக்கமும் விளக்கெண்ணெய் தடவி, பெரியதற்குள் ஓர் உருண்டையை வைத்துச் சின்னதை நடுவில் திருகித் திருகி அழுத்தினால் மாவு பக்கவாட்டில் ஏறி, சுவர் ஒரே கனத்தில் நிற்கும்.

இந்த இடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. காயும்போது மாவு உள்நோக்கிச் சுருங்கும். வெளி டம்ளரை விட்டு விலகும், உள் டம்ளரை இறுக்கிப் பிடிக்கும். உள் டம்ளரை அப்படியே விட்டால் அதை எடுக்கவும் முடியாது, சுவரும் மேலிருந்து கீழே நேர்கோடாகப் பிளக்கும். மேல்விளிம்பு மங்கி, நகத்தால் அழுத்தினால் குழி விழுந்தும் ஒட்டாமல் இருக்கிற பதத்தில் உள் டம்ளரை ஒரு திருகு திருகி எடுத்துவிட வேண்டும். பிறகு கிண்ணம் வெளி டம்ளருக்குள் தன் இஷ்டத்துக்குச் சுருங்கிக்கொண்டு, தானே கழன்று வரும். அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை, ஈரமாக இருக்கும்போதே ஆணி கொண்டு போட்டுக்கொள்ளலாம்.

காய்ந்த கிண்ணம் கையில் நன்றாக இருந்தது. தட்டினால் மரச் சத்தம். தண்ணீரில் போட்டால் மறுநாள் காலையில் களி.

மாவை நம்பிப் பிரயோசனமில்லை, தண்ணீருக்குக் கரையாத ஒரு எலும்புக்கூடு உள்ளே வேண்டும் என்று தெரிந்ததும் வஜ்ஜிரம் ஞாபகத்துக்கு வந்தது. பழைய தச்சர்கள் மரம் ஒட்டக் காய்ச்சுகிற, தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் பசை. வேலூர் லாங் பஜாரில் விசாரித்தால் இன்னும் கிடைக்கிறது. தோல் பதனிடும் டேனரிகளின் கழிவிலேயே இதற்கான சரக்கு இருக்கிறதே, அதை எடுத்துக் காய்ச்சலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அதைச் செய்யக் கூடாது. இன்றைக்குப் பதனிடும் தோலில் பெரும்பகுதி குரோம் உப்பு போட்டது. அந்தச் சீவலில் குரோமியம் இருக்கும். அதை நாற்றுக் கிண்ணத்தில் வைத்து நாமே நிலத்தில் நடுவதா? பாலாற்றுத் தண்ணீரும் இந்தப் பக்கத்துக் கிணறுகளும் என்ன பாடுபட்டன என்பதற்கு, வேலூர்க்காரர்கள் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பே சாட்சி. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக்கிய தீர்ப்புகளில் அது ஒன்று. ஆகவே கடையில் விற்கிற வஜ்ஜிரம் மட்டும்தான்.

வஜ்ஜிரம் 15 கிராமைப் பச்சைத் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்தால் ஜெல்லியாக உப்பும். காலையில் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வஜ்ஜிரம் ஊறிய ஏனத்தை வைத்து உருக்க வேண்டும். நேரே தீயில் வைத்துக் கொதிக்கவிட்டால் பசையின் வலு போய்விடும், 60 டிகிரியே போதும். உருகியதை மாவுக் கஞ்சியில் ஊற்றிப் பிசைந்தேன். நன்றாகக் கழுவிய மாவில் பட்டுப்போல் கலந்தது. ஒரு தடவை சரியாகக் கழுவாத பழுப்பு மாவு கைவசம் இருந்தது, அதில் ஊற்றியதும் பால் திரிந்தது மாதிரி திப்பித் திப்பியாகக் கட்டிக்கொண்டது. இது என்னடா புதுத் தொல்லை என்று வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பாய் வந்தார்.

பாய் மேல்விஷாரத்தில் டேனரியில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவர். இப்போது எங்கள் தெருவில் மகன் வீட்டில் இருக்கிறார். கீரை விதை வாங்க வந்தவர் கட்டிக்கொண்ட மாவையும், பக்கத்தில் இருந்த பழுப்புத் தண்ணீர் வாளியையும் பார்த்தார்.

"இன்னா தம்பி, மாட்டுத் தோலை வுட்டுட்டு மாங்கொட்டையைப் பதம் பண்ண ஆரம்பிச்சிட்டியா?"

தண்ணீர் பட்டால் கரைகிறது பாய், அதற்குத்தான் வழி தேடுகிறேன் என்றேன். அவர் வாளியில் ஒரு விரலை நனைத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"நல்லா துவர்க்குது. இந்தத் தண்ணிய எங்க ஊத்துற?"

"தென்னை மரத்துக்கு."

"அடப்பாவமே. நாங்க ஆவாரம்பட்டையும் கடுக்காயும் காசு குடுத்து வாங்கி, ஊறப்போட்டு எடுக்கிற சரக்கு இது. நீ மரத்துக்கு ஊத்துற."

விஷயம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. மாங்கொட்டைப் பருப்பில் டானின் என்ற துவர்ப்புச் சத்து நிறைய. அது வஜ்ஜிரத்தின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கரையாத பொருளாக்கிவிடுகிறது, அதுதான் வாளியில் திப்பியாகக் கட்டியது. குரோம் வருவதற்கு முன் இந்த ஜில்லா முழுவதும் தோலுக்குச் செய்தது இதே வேலையைத்தான். ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறப்போட்டு, கடுக்காயில் முடித்து, கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக ஏற்றுமதி செய்தார்கள். கலக்கும்போதே டானின் சேர்ந்தால் கட்டிக்கொள்ளும். கிண்ணம் செய்து முடித்த பிறகு சேர்த்தால், இருக்கிற இடத்திலேயே பசை இறுகும். மாவை வெளுக்கக் கழுவு, கழுவிய தண்ணீரைச் சேர்த்து வை, அதிலேயே கிண்ணத்தை நனை. தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

ஆனாலும் மாங்கொட்டைத் தண்ணீர் மட்டும் போதாது, லேசானது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்குகிற கடுக்காய் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கொட்டையை நீக்கித் தோலை மட்டும் இடித்து வெந்நீரில் ஊறவைத்தால் கெட்டியான சாறு வரும். கெட்டிச் சாறு கையில் இருக்கும்போது லேசான தண்ணீரில் எதற்கு நேரத்தைக் கழிக்க வேண்டும், நேரே அதிலேயே முக்கி எடுக்கலாமே என்று பாயிடம் கேட்டேன்.

"அப்படிப் பண்ணினா மேல்பக்கம் மட்டும் பதமாகி வாயை மூடிக்கும். உள்ள பச்சையாவே நிக்கும். முதல்ல வேலை செஞ்சு அலுத்த பழைய தண்ணி, அப்புறம் நடுத்தரம், கடைசியிலதான் புதுக் கெட்டித் தண்ணி. தொட்டி மாத்தி மாத்தித்தான் தோல் போகும் தம்பி."

இரண்டு விதமாகவும் செய்து, காய்ந்த பிறகு பிளேடால் சுவரைக் குறுக்கே சீவிப் பார்த்தேன். நேரே கெட்டிச் சாற்றில் முக்கியதில் இரண்டு ஓரமும் கரும்பழுப்புக் கோடு, நடுவில் வெளிறிய மாவு. ஊறவைத்தால் அந்த நடுப்பகுதி உப்பி, ஓரத்தை வெங்காயச் சருகு மாதிரி உரித்துத் தள்ளியது. லேசான தண்ணீரிலிருந்து படிப்படியாகப் போனதில் பழுப்பு உள்ளே வரை ஒரே சீராக இறங்கியிருந்தது. அதை ஊறவைத்தால் லேசாக உப்பி, ரப்பர் மாதிரி வளைந்து, காய்ந்ததும் மறுபடி பழைய உருவத்துக்கு வந்தது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது இந்த வெட்டுமுகம்தான். இத்தனை வருடமாக இந்த ஊரில் தோல் தொட்டிகளில் நடந்துகொண்டிருந்ததை ஒரு விரல் கனத்துக்குள் பார்க்க முடிந்தது.

செய்கிறவர்களுக்குச் சில விவரங்கள். முதல் முக்கல் விடியற்காலையில், மண்பானைத் தண்ணீர் அளவு குளிர்ச்சியில் நடக்க வேண்டும். வஜ்ஜிர ஜெல்லி 30, 35 டிகிரியிலேயே இளகும். வேலூரில் பகலில் தொட்டித் தண்ணீரே அதைவிடச் சூடாக இருக்கும், அதில் முக்கினால் இறுகுவதற்கு முன் கரைந்துவிடும். ஒரு நிமிடம் முக்கி, நிழலில் அரைக்காய்ச்சலாகக் காயவிட்டு, மறுபடி முக்க வேண்டும், ஊறப்போட்டுவிட்டுப் போகக் கூடாது. இரும்புப் பாத்திரம் கூடவே கூடாது. கடுக்காய்ச் சாற்றில் இரும்பு பட்டால் நீலக் கருப்பாக மாறும், அந்தக் காலத்து எழுத்து மையே அதுதான். எங்கள் போர் தண்ணீரிலேயே கொஞ்சம் இரும்பு இருக்கிறது போல, முதலில் செய்த கிண்ணங்கள் சாம்பல் பூத்த மாதிரி இருந்தன. பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் செய்ததும் நிறம் தேன்போல் ஆனது. கருத்தாலும் பலத்துக்கு ஒன்றும் ஆகாது, பார்வைக்குத்தான்.

நாற்றங்காலில் நடந்தது இது. தினம் ஒரு வேளை பூவாளியால் தெளித்தேன். முதல் வாரத்திலேயே வெளிச்சுவரில் வெள்ளைப் பூஞ்சை வந்தது. செடிக்கு அதனால் எதுவும் ஆகவில்லை, ஆனால் வாங்க வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். கிண்ணங்களை நெருக்கி அடுக்காமல் இடைவெளி விட்டு, சல்லடைத் தட்டின் மேல் வைத்ததும் குறைந்தது. நாலாவது வாரத்தில் அடித்துளை வழியாகவும் சுவர் வழியாகவும் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது, நட வேண்டிய நேரமும் அதுதான். பூஞ்சையைவிடப் பெரிய எதிரி எலி. வஜ்ஜிர வாசனைக்கு வந்து காலிக் கிண்ணங்களின் விளிம்பைக் கொறித்துவிட்டது, இப்போது தகர டின்னில் மூடி வைக்கிறேன். பாய் வீட்டு ஆடு ஒரு நாள் உள்ளே புகுந்து, நாற்றை விட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தின்றது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கருப்புக் கவரைத் தின்னும் மாடுகளை நினைத்தால் இதுவும் ஒரு நல்ல சோதனைதான் என்று வைத்துக்கொண்டேன்.

மறுசுழற்சி பற்றி ஒரு கணக்கு. கடுக்காய் படாத கிண்ணம் உடைந்தால் வெந்நீரில் ஊறவைத்து, மறுபடி பிசைந்து, மறுபடி அச்சில் போடலாம். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பலம் குறையும், கொஞ்சம் புது மாவு சேர்த்தால் சரியாகிவிடும். கடுக்காய் போட்டு முடித்த கிண்ணத்தில் அந்த வழி அடைபட்டுப் போகிறது. வெந்நீருக்கும் அது கரையாது. இடித்துத் தூளாக்கி மல்லாட்டைத் தூளுக்குப் பதிலாகச் சேர்க்கலாம், அல்லது மண்ணுக்கே கொடுத்துவிடலாம். தண்ணீருக்குத் தாங்க வேண்டும் என்றால் மறுபடி உருக்கும் வசதியை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். இரண்டும் ஒரே கிண்ணத்தில் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் அச்சிலேயே விரிசல் விட்டதை எல்லாம் கடுக்காய்த் தொட்டிக்குப் போகும் முன்பே பொறுக்கி எடுத்துவிடுகிறேன்.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பாலிஷ் போடுகிற மாதிரி பூசியும் பார்த்தேன். தண்ணீருக்கு நன்றாகத் தாங்கியது, பளபளப்பும் வந்தது. விலை கட்டுபடியாகாது, வேரும் சுவரைத் துளைக்கத் திணறுகிறது. பேனா ஸ்டாண்டு செய்கிறவர்களுக்கு அது பொருத்தம்.

விலை என்று வந்தால் கருப்புக் கவர் ஒரு ரூபாய்க்கும் கீழேதான். என் கிண்ணத்தில் வஜ்ஜிரமும் கிளிசரினும் கடுக்காயுமே அதைத் தாண்டிவிடும், என் உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே எல்லா நாற்றுக்கும் போடுவதில்லை. முள்ளு கத்திரி மாதிரி நல்ல விலைக்குப் போகிற நாற்றுக்கும், வேர் அசைந்தால் வாடுகிற பாகல், பீர்க்கன் மாதிரி கொடிகளுக்கும் மட்டும். கொடிவகைக்கு இது கவரைவிட மேல் என்பது என் அபிப்பிராயம், கிழித்து எடுக்கிற வேலையே இல்லை.

வாங்கிப் போகிறவர்களிடம் சொல்வது இரண்டு விஷயம். நடுவதற்கு முன் கிண்ணத்தோடு தண்ணீரில் நன்றாக நனைத்துவிட வேண்டும், காய்ந்த கிண்ணத்தை அப்படியே புதைத்தால் அது சுற்றியுள்ள ஈரத்தை இழுத்து நாற்றைத் தவிக்கவிடும். இன்னொன்று, விளிம்பு மண்ணுக்கு வெளியே தெரியாதபடி ஆழமாக நட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் வழியாக ஈரம் காற்றில் போய்க்கொண்டே இருக்கும், எலிக்கும் அது அடையாளம் காட்டிவிடும்.